நாற்காலிக்குத் தீட்டு

ஆரணி வட்டாரப் பட்டு வணிகர் மகாமன்றத்தில் கூட்டம் என்றால் முதல் ஒரு மணி நேரம் பொன்னாடைக்கே போய்விடும். துணைத் தலைவர் தலைவருக்குப் போர்த்துவார். தலைவர் செயலாளருக்குப் போர்த்துவார். செயலாளர் துணைத் தலைவருக்குப் போர்த்தி முடிக்கிற நேரத்தில் யாராவது ஒரு பெரிய மனிதர் தாமதமாக வந்து சேருவார். அவர் மனம் கோணக் கூடாதே என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஊருக்கெல்லாம் பட்டு விற்கிற இந்தப் பெருமக்கள் தங்களுக்குள் போர்த்திக்கொள்வது என்னவோ சூரத்திலிருந்து கட்டுக்கட்டாக வந்த நைலான் துண்டு. கூட்டம் கலைந்ததும் மன்றத்து உதவியாளர் பச்சையப்பன் ஒவ்வொருவர் தோளிலிருந்தும் அவற்றை உருவி மடித்து பீரோவில் பூட்டிவிடுவார். அடுத்த மாதத்துக்கு வேண்டுமே.

இதற்கெல்லாம் மேலே ஒரு தேக்கு நாற்காலி. தலைவருடையது. அதற்கு வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் குங்குமம் உண்டு, சாம்பிராணி உண்டு. உட்காருவதற்கு முன் தலைவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். கும்பிட்ட பொருளின் மேலேயே உட்காருவது எந்த வகை பக்தி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அந்த நாற்காலியில் பானுப்ரியா உட்கார்ந்தது ஒரு விபத்து.

கல்யாணமான புதிதில் பையில் நாலு சேலையைப் போட்டுக்கொண்டு கண்ணமங்கலத்துக்கும் வேலூருக்கும் பஸ் ஏறி, வீடு வீடாகப் படியேறி விற்றவள் அவள். இன்று ஆரணியில் ஒரு கடை, வேலூரில் ஒரு கடை. பாதித் தெருத் தறிகள் அவளுடைய ஆர்டருக்குத்தான் ஓடுகின்றன. அவளுடைய கணவன் சந்திரமோகன் பள்ளிக்கூடத்தில் பௌதிக ஆசிரியர். பட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதை வாஷிங் மிஷினில் போடக் கூடாது என்பது மட்டும்தான். ஆனால் மன்றத்தில் உறுப்பினர் அவர். வீட்டுக்கு ஒரு உறுப்பினர், அது ஆண் உறுப்பினர் என்பது வழக்கம். பானுப்ரியா வருஷக்கணக்காகக் கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் 'சந்திரமோகன் சம்சாரம்' என்ற பதவியில் உட்கார்ந்திருந்தாள்.

போன தேர்தலில் சிவப்பிரகாசத்துக்கும் சம்பந்தத்துக்கும் தலைவர் பதவிக்காக முட்டிக்கொண்டது. இருவரும் ஒருவர் உட்கார மற்றவர் விடமாட்டார். கடைசியில், தற்காலிகமாக யாரையாவது உட்கார வைப்போம், பெண்பிள்ளையாக இருந்தால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும் என்று இருவரும் ஒரே மனதாக முடிவு செய்தார்கள். அதுவரை அவர்கள் ஒரே மனதாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். சிவப்பிரகாசம் துணைத் தலைவர் ஆனார், சம்பந்தம் செயலாளர் ஆனார்.

சும்மா இருக்கும் என்று நினைத்த பெண்பிள்ளை முதல் நாளே பெயின்டரைக் கூப்பிட்டாள். தலைவர்கள் பலகையில் 'திருமதி சந்திரமோகன்' என்று எழுதியிருந்ததை அழிக்கச் சொல்லி 'பானுப்ரியா' என்று எழுத வைத்தாள். அந்தப் பெயருக்காகத்தான் இத்தனை வருஷம் படியேறினோம் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண் கலங்கியது, பெயின்ட் வாசனை என்று பச்சையப்பனிடம் சமாளித்தாள்.

அப்போதுதான் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது.

நாற்பது தாண்டியதால் வருகிற கோளாறு என்று நினைத்துக்கொண்டுதான் டாக்டர் திலகவதியிடம் போனாள். டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, "கோளாறுதான். தை மாசம் கையில குடுத்துடறேன்" என்றார்.

சந்திரமோகன் விஷயத்தைக் கேட்டதும் ஏதோ தான் தவறாக சுவிட்சைப் போட்டுவிட்டதைப் போல விழித்தார். பிறகு சிரித்தார். சிரிப்பை நிறுத்தவே அவரால் முடியவில்லை. வேலூரில் இன்ஜினியரிங் படிக்கிற மகன் சந்தோஷிடம் போனில் சொன்னபோது அவன் இரண்டு முறை 'யாருக்கு?' என்று கேட்டான்.

"அம்மா, சரி. உடம்பப் பாத்துக்கோ" என்றான் கடைசியில். "இத மட்டும் ஸ்டேட்டஸ்ல போட்டுடாதம்மா."

பானுப்ரியாவுக்கு சந்தோஷமாக இருந்ததா என்றால், இல்லை. பயமாக இருந்தது, அதைவிடக் கடுப்பாக இருந்தது. தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை இருக்கிறான், தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது, நாற்காலி கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இந்த நேரத்திலா என்று வயிற்றைப் பார்த்தே திட்டினாள். திட்டிவிட்டு, பாவம் அது என்ன செய்யும் என்று அரை லிட்டர் மாதுளை ஜூஸ் குடித்தாள்.

சந்திரமோகன் டீக்கடையில் ஒரே ஒருவரிடம்தான் சொன்னார். சாயங்காலத்துக்குள் மகாமன்றம் அவசரக் கூட்டம் கூட்டிவிட்டது.

பொன்னாடைகள் முடிந்ததும் சிவப்பிரகாசம் எழுந்தார். அவர் சந்திரமோகனுக்குச் சித்தப்பா முறை. பானுப்ரியா அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். மேடையில் மட்டும் அவருக்கு அவள் 'தலைவர் அவர்கள்'.

"தலைவர் அவர்களுக்கு மன்றம் வாழ்த்து சொல்லுது. உக்காரும்மா, நீ எழுந்திருக்காத. பெண்ணுன்னா பூமி. பூமி இன்னா பண்ணும்? பொறுமையா கெடக்கும். பூமி எங்கனா நாற்காலில உக்காந்து பாத்திருக்கீங்களா? நான் யாரையும் மனசுல வெச்சிகினு சொல்லல. நாங்க பெண்ணுக்கு எதிரியும் இல்ல. என் வீட்ல மூணு பொண்ணுங்க. ஒருத்தியையும் வேலைக்கு அனுப்பல. அவ்ளோ மரியாதையா வெச்சிருந்தேன்."

பலத்த கைதட்டல். உடனே 'தாய்மை நலக் குழு' அமைக்கப்பட்டது. அதில் அறுபது வயதுக்குக் குறைந்தவர் யாருமில்லை, பெண்ணும் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் வேண்டும் என்றார் செயலாளர் சம்பந்தம்.

குழு சும்மா இருக்கவில்லை. கர்ப்பிணிக்குக் காற்றோட்டம் முக்கியம் என்று கண்டுபிடித்து, கீழ்க் கூடத்தில் நடந்துவந்த கூட்டத்தை மொட்டை மாடிக்கு மாற்றியது. படியேறி இறங்கினால் சுகப்பிரசவம் ஆகும் என்று கண்டுபிடித்து, மாதக் கூட்டத்தை வாரக் கூட்டமாக்கியது. ஒருமுறை தறி ஓடுகிற சத்தம் சிசுவுக்கு ஆகாது என்று தலைவர் வீட்டைச் சுற்றியுள்ள தறிகளை நிறுத்தச் சொல்லலாமா என்று ஒரு பிற்பகல் முழுக்க விவாதித்தார்கள். அத்தனையும் பானுப்ரியாவின் தறிகள். தலைவரின் நலனுக்காகத் தலைவரையே திவாலாக்குவதா என்று பொருளாளர் அறவாழி கேட்டதால் அது மட்டும் நின்றது.

அறவாழி பெரணமல்லூர்ப் பக்கத்து சமணக் குடும்பம். ஊரில் கடை வைத்து மூன்று தலைமுறை ஆகிறது. மன்றத்தின் பணப்பெட்டியை சிவப்பிரகாசம் கையில் கொடுக்க சம்பந்தத்துக்கு மனம் வரவில்லை, சம்பந்தம் கையில் கொடுக்க சிவப்பிரகாசத்துக்கு மனம் வரவில்லை. அதனால் அது அறவாழியிடம் இருந்தது. மற்ற நிர்வாகிகள் எல்லாரும் எப்படியோ ஒரே வகையறாவாகத்தான் அமைந்திருந்தார்கள். தகுதியைப் பார்த்தோம், இவர்களாகத்தான் இருந்தார்கள், நாங்கள் என்ன செய்வது என்பார் சிவப்பிரகாசம்.

பானுப்ரியா ஒவ்வொரு வாரமும் படியேறினாள். ஒரு கையில் வயிறு, இன்னொரு கையில் போன். ஏறுகிற போதே வேலூர்க் கடைக்கு ஜரிகை விலை பேசினாள். மாடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். ராஜினாமா செய்யச் சொல்லி ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. 'ஓய்வு', 'தியாகம்', 'பெருந்தன்மை' என்ற சொற்கள் மட்டும் அடிக்கடி காதில் விழுந்தன. வீட்டுக்கு வந்து சந்திரமோகனிடம், "எழுதிக் குடுத்துடட்டுமாங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"உனக்கு வேணாம்னா எழுதிக் குடு" என்றார் அவர், அவள் கால் வீக்கத்தைத் தடவிவிட்டுக்கொண்டே. "அவங்களுக்கு வேணாம்னா எழுதிக் குடுக்காத."

அவர் பௌதிகத்தை விட்டு வெளியே வந்து பேசிய உருப்படியான பேச்சு அது என்று அவளுக்குப் பட்டது.

மார்கழியில் அவள் ஒரே ஒரு கோரிக்கை வைத்தாள். பிரசவத்துக்குப் பிறகு கொஞ்ச நாள் விடுப்பு வேண்டும். அதுவரை கூட்டத்தைத் தள்ளி வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

சம்பந்தம் மன்ற விதிகளை எடுத்து வாசித்தார். தலைவர் நாற்காலி காலியாவதற்கு அதில் மூன்றே வழிகள் இருந்தன: மரணம், ராஜினாமா, சித்தப்பிரமை.

"விடுப்புன்னு ஒண்ணு இல்லியேம்மா" என்றார் சம்பந்தம் வருத்தத்துடன். "பிரசவம் இதுல எதுல வரும்னு பாக்கணும்."

எதற்குக் கிட்டத்தில் வரும் என்று விவாதம் நடந்தது. சித்தப்பிரமைக்குச் சிலர் ஆதரவு தெரிவித்தார்கள். நல்ல நாளில் மரணத்தைப் பேச வேண்டாம் என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டதால் மரணம் கைவிடப்பட்டது. முடிவு எட்டாத நிலையில் சிவப்பிரகாசம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"சட்டத்த விடுங்க. சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்குது இல்ல? கொழந்த பொறந்தா தீட்டு. அந்தத் தீட்டோட நாற்காலில உக்கார முடியுமா? சாம்பிராணி போட்ற நாற்காலி. அதனால ஒரு தீர்மானம் கொண்டாந்திருக்கேன். தீட்டு உள்ள எந்த நிர்வாகியும் மன்ற நாற்காலில உக்காரக் கூடாது. பொதுக்குழு அன்னிக்கு உக்கார முடியாதவங்க பதவி தானா காலி."

பொதுக்குழு தை மாதத்தில், டாக்டர் திலகவதி குறித்துக் கொடுத்த அதே வாரத்தில் வைக்கப்பட்டிருந்தது. தற்செயல் என்றார்கள்.

அறவாழி கண்ணாடியைக் கழற்றினார். "எந்த நிர்வாகியும்னு பொதுவா போடறீங்களா? தலைவர்னு மட்டும் போட்டா போதாதா?"

"அப்டி போட்டா ஒரு பொம்பளையப் பழிவாங்கறாங்கன்னு பேசுவாங்கய்யா. எல்லாருக்கும் பொதுவா இருந்தாதான் நியாயம்."

அறவாழி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தீர்மானம் ஒரு மனதாக நிறைவேறியது. அதை அறிவிக்க வேண்டியவள் தலைவர். பானுப்ரியா எழுந்து நின்று தன் பதவியைத் தானே பறிக்கிற தீர்மானம் நிறைவேறியதாக அறிவித்தாள். படியிறங்குகிற போது பலகையில் தன் பெயரைப் பார்த்தாள். அழித்தால் அந்த இடம் மற்ற இடங்களைவிட வெளுப்பாகத் தெரியும் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.

பொதுக்குழுவுக்கு முந்தின நாள் காலையில் வலி எடுத்தது. மத்தியானத்துக்குள் ஆபரேஷன் முடிந்து, பெண் குழந்தை. கருஞ்சிவப்பாக, தலை நிறைய முடியோடு, யாரையோ கண்டிக்கிற முகத்தோடு இருந்தது. அதைப் பக்கத்தில் படுக்க வைத்ததும் பானுப்ரியா இத்தனை மாதம் திட்டியதெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. இவள் இல்லாமல் இத்தனை நாள் எப்படி இருந்தோம் என்று இருந்தது. அவ்வளவு ஆசை வந்துவிட்டது. ஆனாலும் அந்த ஆசைக்கு அடியில் நாளைய பொதுக்குழு ஒரு கல்லாகக் கிடந்தது.

சந்திரமோகன் ஜன்னலோரம் நின்று போன் செய்துகொண்டிருந்தார். குழந்தை பிறந்தால் பங்காளிகளுக்கெல்லாம் உடனே சொல்ல வேண்டும். தீட்டு அவர்களுக்கும் உண்டு. தெரியாமல் யாராவது சாமி அறையைத் திறந்துவிட்டால் பாவம் சொல்லாதவன் தலையில். அவர் ஒழுங்காக வரிசைப்படி கூப்பிட்டார்.

"சித்தப்பா, நான் மோகன். பொண்ணு பொறந்துகிச்சு. ஆமா, நல்லா இருக்காங்க. வெளக்கு ஏத்தாதீங்க சித்தப்பா, தீட்டு நமக்கு."

"சம்பந்தண்ணே, பொண்ணு. தீட்டு கழியற வரிக்கும் கோயிலுக்குப் போயிடாதீங்க."

பானுப்ரியா மயக்க மருந்தின் மிச்சத்தில் அரைக் கண்ணோடு கேட்டுக்கொண்டிருந்தாள். இணைச் செயலாளருக்குப் போன் போனது. தணிக்கையாளருக்குப் போனது. தாய்மை நலக் குழுவின் தலைவருக்குப் போனது, அதன் உறுப்பினர்களுக்குப் போனது. அவள் முழுக் கண்ணையும் திறந்தாள்.

"ஏங்க, இதுவரிக்கும் யாராருக்கு சொன்னீங்க? இன்னொரு தபா சொல்லுங்க."

அவர் சொன்னார். மகாமன்றத்தின் வருகைப் பதிவு மாதிரியே இருந்தது.

"அறவாழிக்கு?"

"அவரு எப்டி நமக்குப் பங்காளி ஆவாரு?" என்றார் சந்திரமோகன்.

பானுப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது. சிரிக்காதீங்க மேடம், சிரிக்காதீங்க என்று நர்ஸ் ஓடி வந்தாள்.

அங்கே சிவப்பிரகாசத்தின் வீட்டில் போனை வைத்ததும் அவருக்கு முதலில் விளக்கு ஞாபகம்தான் வந்தது. தீர்மானம் ஞாபகம் வர ஒரு டம்ளர் காபி தேவைப்பட்டது. வந்ததும் சம்பந்தத்தை அழைத்தார். அறவாழியைத் தவிர நிர்வாகிகள் எல்லாரும் கூடினார்கள். நாளை பொதுக்குழுவில் தீட்டில்லாமல் நாற்காலியில் உட்காரத் தகுதியுள்ள ஆள் நிர்வாகத்தில் ஒருவர்தான், அவர் ஏற்கெனவே பணப்பெட்டியை வைத்திருக்கிறார் என்பது மெல்ல மெல்ல எல்லாருக்கும் விளங்கியது.

"நாமெல்லாம் ரொம்ப தூரத்துப் பங்காளிங்கதான?" என்று ஒருவர் ஆரம்பித்தார். "இவ்ளோ தூரத்துக்குத் தீட்டு வருமா?"

சிவப்பிரகாசம் சம்பந்தத்தைப் பார்த்தார். சம்பந்தம் சிவப்பிரகாசத்தைப் பார்த்தார். ஆடி மாதம் குலதெய்வம் கோயிலில் முதல் பரிவட்டம் யாருக்கு என்று இருவருக்கும் பல வருஷமாக வழக்கு. நான்தான் கிட்டத்துப் பங்காளி என்று இருவரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள். இப்போது யார் தீட்டு இல்லை என்கிறாரோ அவர் பங்காளி இல்லை, பரிவட்டம் மற்றவருக்குப் போய்விடும்.

"எனக்குத் தீட்டு உண்டு" என்றார் சிவப்பிரகாசம்.

"உனக்கே இருந்தா எனக்கு டபுளா உண்டு" என்றார் சம்பந்தம்.

பேஜாராகப் போய்விட்டது. தீர்மானத்தை ரத்து செய்யலாம் என்றால் அதற்குப் பொதுக்குழு வேண்டும். பொதுக்குழுவை நடத்தினால் பதவி போய்விடும். நிர்வாகிகள் கேட்டுக்கொண்டால் அதைத் தள்ளி வைக்கிற அதிகாரமோ தலைவர் என்கிற ஒரே ஆளிடம்தான் இருக்கிறது. அந்த ஆள் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள்.

சாயங்காலம் வார்டு வாசலில் நிர்வாகக் குழு வந்து நின்றது. ஒருவர் தோளிலும் துண்டு இல்லை. அவ்வளவு ஜல்தி.

"கொழந்த ராஜாத்தி மாதிரி இருக்குதும்மா" என்றார் சிவப்பிரகாசம் வெளியிலிருந்தே. "நீ உடம்ப அலட்டிக்காத. நாளைக்குப் பொதுக்குழுவ மட்டும் தள்ளி வெச்சிடு. தலைவர் ஒரு வார்த்த சொன்னா போதும்."

"தள்ளி வெக்கலாம் மாமா. காரணம் இன்னான்னு போடறது?"

"சாங்கியக் காரணம்னு போட்டுடலாம்" என்றார் சம்பந்தம்.

"அது எதுக்கு, எல்லாரும் எதையாவது நெனச்சிக்குவாங்க. உள்ளத உள்ளபடி போடுங்க. பிரசவ விடுப்பு."

குழந்தை ஒருமுறை தும்மியது.

"விடுப்புன்னு போட்டா அது வழக்கமாயிடுமேம்மா. நாளைக்கு வர்ற பொம்பளைங்க எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும் மாமா."

"சரி. உனக்குப் பிரசவ விடுப்பு. போட்டுடறோம்." சிவப்பிரகாசம் குரலைத் தாழ்த்தினார். "நாங்களும் வராம இருக்கணும் இல்ல? எங்களுக்கு இன்னா காரணம் போடறது?"

பானுப்ரியா குழந்தையின் போர்வையைச் சரி செய்தாள். அவசரமே இல்லாமல் செய்தாள்.

"உங்களுக்கும் அதேதான். ஒரே கொழந்த, ஒரே தீட்டு. எல்லாருக்கும் பொதுவா இருந்தாதான் நியாயம்னு நீங்கதான மாமா சொன்னீங்க."

அவர்கள் தாழ்வாரத்தில் கூடிப் பேசினார்கள். வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தார்கள். அறவாழியின் பெயர் ஒருமுறை காதில் விழுந்தது. திரும்பி வந்து சரி என்றார்கள்.

மறுநாள் காலை பச்சையப்பன் பசை போட்டு மன்றத்துக் கதவில் ஒட்டினார். நாலு வரி. தலைவரும் துணைத் தலைவரும் செயலாளரும் பொருளாளர் நீங்கலாக மற்ற நிர்வாகிகள் அனைவரும் பிரசவ விடுப்பில் இருப்பதால் தீட்டு கழியும் வரை மகாமன்றம் கூடாது. சந்தோஷ் வேலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவன் அதைப் படம் எடுத்துத் தன் ஸ்டேட்டஸிலேயே போட்டுவிட்டான்.

பானுப்ரியா தூங்கினாள். கல்யாணத்துக்குப் பிறகு பகலில் தூங்கியது அன்றைக்குத்தான். தூங்கி எழுந்தபோது குழந்தை விரலைப் பிடித்திருந்தது; சந்திரமோகன் காய்கறி மார்க்கெட்டிலிருந்து பையோடு வந்து உட்கார்ந்திருந்தார். அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"இன்னாங்க?"

"மார்க்கெட்ல சித்தப்பாவப் பாத்தேன். ரங்கம்மா கடையில நின்னுகினு இருந்தாரு. அந்தம்மா நோட்டீஸப் பாத்திருக்குது போல. அண்ணே, நீங்க எதுக்கு வெயில்ல வந்தீங்க, பச்ச ஒடம்பு, பாத்து இருங்கன்னுச்சு. அது கையாலயே ரெண்டு புடி பூண்டு எடுத்துக் குடுத்துது. காசு வேணாம்னுட்டுது."

"அவரு இன்னா சொன்னாரு?"

"வாங்கிகினாரு" என்றார் சந்திரமோகன்.